ஏடிசி 110-க்கு ஆயில் மாத்தப் போய், ஏறிக்கிட்டே இருந்த லெவலைப் பிடிச்ச கதை

ஆயில் லெவல் பாக்கற கம்பி, அந்த டிப்ஸ்டிக்கை உருவிப் பாத்தப்ப முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு மேல கொட்டாய்ல கெடந்த வண்டி, ஆயில் சொட்டிச் சொட்டி அடியில தேங்கி நின்னிருக்கும், உள்ள ஒண்ணுமே இருக்காதுன்னு நெனச்சுப் போனா, கோடு போட்ட பகுதி முழுக்க நனைஞ்சு அதுக்கும் மேல ஏறி நிக்குது. பரவால்லயே, லீக்கே இல்லாத இஞ்சின்னு நெனச்சு துணியில தொடைக்கறேன், தொடைக்கும்போதே ஆயில் மாதிரி ஒட்டாம தண்ணி மாதிரி ஓடுது, மோந்து பாத்தா பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிக்குது.

வண்டியப் பத்திச் சொல்லிடறேன். 1982 ஹோண்டா ஏடிசி 110. நம்ம ஊர்ல மூணு சக்கரம்னா ஆட்டோதான் ஞாபகம் வரும், இது அது இல்லீங்க. முன்னாடி ஒரு குண்டு டயர், பின்னாடி ரெண்டு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், கால ரெண்டு பக்கமும் போட்டு உக்காந்து மண்ணுலயும் சேத்துலயும் பனியிலயும் ஓட்டற வண்டி. நான் இருக்கறது அமெரிக்கால மிச்சிகன்ல, இங்க கிராமப்பக்கம் போனா பாதி வீட்டுக் கொட்டாய்ல இது மாதிரி ஒண்ணு தூசி புடிச்சுக் கெடக்கும். எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி இருக்கற பெரியவர் தன்னோடத எங்கிட்ட குடுத்துட்டார். எம்பது வயசு ஆச்சு அவருக்கு. காசு வேணாம்னுட்டார், "ஓடற மாதிரி ஆக்கிட்டு ஒரு தடவ என் வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்து, சத்தம் கேக்கணும்"னார், அவ்வளவுதான்.

இந்த வண்டி பொறந்த கதை எனக்கு ரொம்பப் புடிக்கும். 1967-ல அமெரிக்க ஹோண்டாக்காரங்க ஜப்பானுக்கு ஒரு கோரிக்கை வைக்கறாங்க, குளிர்காலத்துல பைக் வியாபாரம் படுத்துருது, டீலருங்க விக்கறதுக்கு ஏதாச்சும் குடுங்கன்னு. அங்க ஒசாமு டகேயுச்சின்னு ஒரு இஞ்சினியர்கிட்ட அந்த வேலை போச்சு. அவர் ரெண்டு சக்கரம், மூணு, நாலு, அஞ்சு, ஆறு சக்கரம்னு எல்லாத்தையும் செஞ்சு பாத்து, பனியிலயும் சேத்துலயும் இருக்கற கம்மி சக்திய வச்சுக்கிட்டு நல்லாப் போறதும் திரும்பறதும் மூணு சக்கரம்தான்னு முடிவு பண்ணினார். 1970-ல யுஎஸ் 90-ன்னு 595 டாலருக்கு வந்துச்சு, அப்புறம் அதையே ஏடிசி 90-ன்னு மாத்துனாங்க. 1979-ல அதோட எடத்துக்கு 105 சிசி இஞ்சினோட இந்த 110 வந்துச்சு, 1985 வரைக்கும் வித்தாங்க.

இஞ்சினப் பாத்தா நம்ம ஆளுங்களுக்கு உடனே புரியும். சிலிண்டர் படுத்த மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், அப்படியே ஸ்ப்லெண்டர். சும்மா ஒப்பிடலீங்க, நெஜமாவே ஒரே குடும்பம்தான், ஹோண்டாவோட சூப்பர் கப்னு ஒரு சின்ன பைக் வழியில வந்த படுக்கை இஞ்சின்தான் சிடி 100-லயும் ஸ்ப்லெண்டர்லயும் நம்ம ஊருக்கு வந்துச்சு. எங்கப்பா பொள்ளாச்சில சிடி 100 வச்சிருந்தார், தோப்புக்குப் போறது வர்றது எல்லாம் அதுலதான், ஞாயித்துக்கெழம ஆயில் மாத்தும்போது தகர டப்பாவப் புடிச்சுக்கிட்டு நிக்கறது என் வேல. அதனால இந்த இஞ்சின மொத மொதல்ல பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு டிப்ஸ்டிக்கக் காட்டினேன். ஆயில் நெறையவே இருக்குப்பா, கொஞ்சம் பெட்ரோல் நாத்தம் அடிக்குது, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி சூடு பண்ணிட்டு எறக்கிடலாம்னு பாக்கறேன்னேன். ஆயில் மாத்தறதுக்கு முன்னாடி இஞ்சின சூடு பண்ணுன்னுதான எல்லாரும் சொல்வாங்க, அந்தப் பழக்கத்துல சொன்னேன். அப்பா உடனே, "டேய் ஸ்டார்ட் பண்ண இழுக்கற கயித்தத் தொடாத. ஆயில் கொறையலாம், அது எல்லா இஞ்சின்லயும் கொறையும். ஏறக்கூடாதுடா. ஏறுச்சுன்னா எங்கிருந்தோ ஒண்ணு உள்ள எறங்குது, அது எதுன்னு பாக்காம ஆயில மாத்தி என்ன பண்றது"ன்னார். தோப்புல டீசல் மோட்டர் ஓட்டினவர், அதுல லெவல் ஏறுனா தண்ணியா டீசலான்னு பாக்கற பழக்கம் அவருக்கு. அந்த ஒத்த வார்த்தையில என் வேலையோட வரிசையே மாறிப்போச்சு.

மறுநாள் காலைல பெரியவர்கிட்டப் போய் கேட்டேன், கடைசியா எப்ப பெட்ரோல் ஊத்துனீங்கன்னு. மூணு வாரத்துக்கு முன்னாடி, உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்னு அரை கேலன் ஊத்தினேன், கயித்த இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம், விட்டுட்டேன்னார். டேங்க்ல இருந்து பெட்ரோல் வர்ற வழிய மூடற திருகு, அந்த காக்-க மூடுனீங்களான்னா ஞாபகம் இல்லைங்கறார். வந்து பாக்கறேன், காக் தொறந்தேதான் இருக்கு. அரை கேலன்னா ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, டேங்க்ல இப்ப அவ்வளவு இல்ல. கொட்டாய் தரை காங்கிரீட், ஒரு சொட்டு ஈரமோ கறையோ கெடயாது. அப்ப பெட்ரோல் எங்க போச்சு? வெளிய போகல, உள்ளதான் போயிருக்கு.

எப்படிப் போகும்னா, இந்த இஞ்சின்ல கார்புரேட்டர் சிலிண்டர் ஹெட்டுக்கு மேல உக்காந்திருக்கு, பெட்ரோலும் காத்தும் உள்ள போற வழி, அந்த இன்டேக், கீழ பாத்துப் போகுது. கார்புரேட்டருக்குள்ள ஒரு மிதவை இருக்கும், கிண்ணத்துல பெட்ரோல் நெறஞ்சதும் அது மேல எழும்பி ஒரு ஊசிய அழுத்தி வழிய அடைக்கும், நம்ம வீட்டு தண்ணித் தொட்டில இருக்கற பால் வால்வு மாதிரியேதான். ஊசி முனை தேஞ்சு போச்சுன்னா அடைக்காது. அப்பவும் பயமில்ல, நெறஞ்சு வழிஞ்சா வெளிய போறதுக்குன்னு ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் வச்சிருக்காங்க, தரைல சொட்டும், நமக்கும் தெரிஞ்சுரும். அந்தக் குழாயும் அடைஞ்சுட்டா பெட்ரோலுக்கு வேற வழி இல்ல, இன்டேக் வழியா சிலிண்டர்ல எறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்குல கசிஞ்சு, நேரா ஆயிலோட போய்ச் சேந்துரும்.

கார்புரேட்டரக் கழட்டி ஓவர்ஃப்ளோ குழாயப் பாத்தேன். கீழ் முனைல குளவி மண்ணு வச்சு அடைச்சிருக்கு! கம்பிய விட்டுக் குத்துனா காஞ்ச மண்ணு உதிர்ந்து, உள்ள புழுக் கூடு மாதிரி ஒண்ணு வருது. கிண்ணத்தத் தொறந்து ஊசிய எடுத்து வெளிச்சத்துல புடிச்சா, ரப்பர் முனைல சுத்தி வர ஒரு பள்ளம், நகத்தால தடவுனாவே தட்டுப்படுது. மிதவையக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாத்தேன், உள்ள பெட்ரோல் சத்தம் எதுவும் வரல, அது நல்லாருக்கு. புது ஊசி வாங்கி மாட்டி, கார்புரேட்டர வண்டில ஏத்தாமலே மேசைல மட்டமா வச்சு, ஒரு பாட்டில்ல இருந்து ட்யூப் வழியா பெட்ரோல் விட்டு ஒரு மணி நேரம் அப்படியே வச்சேன். ஓவர்ஃப்ளோ முனைல ஒரு டிஷ்யூ பேப்பர சுத்தி வச்சிருந்தேன், காஞ்ச மாதிரியே இருந்துச்சு. இத நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்லுவேன், ஊசி மாத்திட்டு சோதிக்காம மாட்டாதீங்க, மாட்டின அப்புறம் கசிஞ்சா கண்ணுக்குத் தெரியாது, மறுபடியும் ஆயில்லதான் போய் முடியும்.

இனி ஆயில். பெட்ரோல் கலந்த ஆயில் சாதாரண பழைய ஆயில் மாதிரி இல்ல, அது கிட்டத்தட்ட பெட்ரோல்தான்னு நெனச்சுத்தான் வேலை செய்யணும். எங்க வீட்டு கராஜ்ல கேஸ்ல எரியற வாட்டர் ஹீட்டர் இருக்கு, அதுல சின்னதா ஒரு ஜ்வாலை எந்நேரமும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பெட்ரோல் ஆவி தரையோட தரையா தவழ்ந்து போற சாமான், அதனால வண்டியத் தள்ளி வெளிய வாசல்ல கொண்டு போய்த்தான் ஆரம்பிச்சேன். பக்கத்துல தீயணைக்கற சிலிண்டர் ஒண்ணும் வச்சுக்கிட்டேன். எம் பொண்ணு உதவிக்கு வந்தா, டார்ச் புடிக்கற வேலைய அவகிட்டக் குடுத்து, கிட்ட வராத பாப்பா அங்கருந்தே அடின்னு சொல்லிட்டேன்.

பழைய ஆயில எறக்கறதுக்குக் கழட்டற ட்ரெய்ன் போல்ட் இஞ்சினுக்கு அடில இருக்கு, 17 எம்எம். இதுக்கு ஆறு மூலை சாக்கெட்டு மட்டும்தான் போடணும், பன்னெண்டு மூலை ஸ்பேனர் போட்டு வழுக்கிருச்சுன்னா மூலை மழுங்கிரும், அப்புறம் பாடுதான். இதுல யாரோ முன்னாடியே மழுக்கி வச்சிருந்தாங்க, போதாததுக்கு மனுஷன் காட்டுத்தனமா இறுக்கியும் வச்சிருக்கார். இஞ்சின் அலுமினியம், போல்ட் இரும்பு, அதிகமா இறுக்குனா போல்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது, கேஸ்ல, அதாவது இஞ்சினோட வெளிக்கூட்டுல இருக்கற மரைதான் பிச்சுக்கிட்டு வரும். சாக்கெட்ட முழுசா உள்ள ஏத்தி, ஒரு கையால சாக்கெட் தலைய மேல அழுத்திப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பிடியச் சட்டுனு ஒரு தட்டு தட்டினேன். 'டக்'குன்னு விட்டுச்சு, அந்தச் சத்தம் கேட்டப்பதான் மூச்சே வந்துச்சு.

வந்தது ஆயிலே இல்ல. ஆயில்னா மொதல்ல கயிறு மாதிரி தடிச்சு விழும், அப்புறம் நூலாகும், இது தொறந்த பைப்புல தண்ணி வர்ற மாதிரி பீச்சிக்கிட்டு வந்துச்சு, நெறம் கருப்பு டீ. அளவு போட்ட ஜாடில ஊத்திப் பாத்தா 1.6 லிட்டர்! இந்த இஞ்சினுக்கு மொத்தமே ஏறக்குறைய 1 லிட்டர்தான். ஒரு சொட்டு எடுத்து பேப்பர்ல வச்சேன், நடுவுல சின்னதா ஒரு கருப்புப் பொட்டு, அதச் சுத்தி வெளிறின வளையம் பேப்பர்ல பரவிக்கிட்டே போகுது. பக்கத்துலயே புது ஆயில் ஒரு சொட்டு வச்சேன், அது வச்ச எடத்துலயே குண்டா நிக்குது. எம் பொண்ணு ரெண்டையும் மாறி மாறிப் பாத்துட்டு, "இத வச்சு ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்ப்பா"ன்னா. இதுல வால்வத் தொறக்கற கேம் ஷாஃப்ட், பிஸ்டன், கியர், க்ளச் எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான், காத்துல குளுர்ற இஞ்சின், ரேடியேட்டர் கெடயாது, அந்த ஆயில்தான் சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகணும், இவ்வளவு இளகிப் போனது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல நிக்கவே நிக்காது, கேம் தேஞ்சிருக்கும்னு சொன்னேன். அப்பா மட்டும் தடுக்கலேன்னா நான் அன்னைக்கு ராத்திரியே கயித்த இழுத்திருப்பேன்.

நெறையப் பேர் இதோட நிறுத்திருவாங்க, எறக்குனோம், புதுசு ஊத்துனோம்னு. இந்த இஞ்சினுக்கு அது பத்தாதுங்க. இதுல கார்ல இருக்கற மாதிரி கழட்டி வீசற பேப்பர் ஃபில்டர் கெடயாது. வலது பக்க கேஸ் கவருக்கு உள்ள ரெண்டு ஏற்பாடு இருக்கு. ஒண்ணு அடில செருகி வச்சிருக்கற கம்பி வலை, பெரிய குப்பைய மட்டும் புடிக்கும். இன்னொண்ணு க்ளச்சோட சேந்து சுத்தற கிண்ணம். பம்பு அனுப்பற ஆயில் அந்தக் கிண்ணத்து நடுவுல வருது, கிண்ணம் இஞ்சின் வேகத்துல சுத்துது, கனமான அழுக்கு தூக்கி எறியப்பட்டு ஓரச் சுவர்ல போய் அப்பிக்குது, நடுவுல இருக்கற சுத்தமான ஆயில் பிஸ்டன் சுத்தற தண்டு, அந்த கிராங்குக்குப் போகுது. தயிர் கடையறப்ப வெண்ணெய் ஒதுங்கற மாதிரி அழுக்கு தனியா ஒதுங்கிருது. ஸ்ப்லெண்டர்லயும் வலது பக்கம் இதே மாதிரி சுத்தற ஃபில்டர் உண்டு, ஊர்ல எத்தன வண்டில அதத் தொறக்காமலே ஓட்டறாங்கன்னு நெனச்சா மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

கவர் ஸ்க்ரூ விஷயம் ஒண்ணு கட்டாயம் சொல்லணும். பாத்தா ப்ளஸ் ஸ்க்ரூ மாதிரி இருக்கும், ஆனா ஜப்பான் அளவு, ஜேஐஎஸ்னு சொல்வாங்க. கடைல கெடைக்கற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் முழுசா உள்ள எறங்காது, திருப்புனா மேல ஏறி வழுக்கும், ரெண்டு தடவ வழுக்குனா தலை வழவழன்னு ஆயிரும். நான் ஜேஐஎஸ் முனை வச்ச இம்பாக்ட் டிரைவர் வச்சிருக்கேன், சுத்தியலால தட்டுனா தட்டற வேகத்துலயே கொஞ்சம் திரும்பற வகை. அதுல ஒண்ணு தவிர எல்லாம் வந்துருச்சு. அந்த ஒண்ணு எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கறது, துரு ஏறி, தலையும் ஏற்கனவே யாரோ கெடுத்து வச்சது. துரு எண்ணெய் அடிச்சு ரெண்டு ராத்திரி விட்டு, சின்ன உளிய ஸ்க்ரூ தலையோட ஓரத்துல சாய்வா வச்சு கழட்டற பக்கமா மெதுவாத் தட்டினேன், நாலாவது தட்டுல அசைஞ்சுது. அவசரப்பட்டு ட்ரில் போட்டிருந்தா கேஸையும் சேத்துக் கெடுத்திருப்பேன். எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்ல, அதனால ஒரு அட்டைல கவரோட உருவத்த வரைஞ்சு அது அது இருந்த எடத்துலயே குத்தி வச்சுட்டேன், நீளமான ஸ்க்ரூ கட்டையான ஓட்டைல போனா கேஸ் விரிஞ்சுரும்.

கவர இழுக்கும்போது நிதானம் வேணும். நடுவுல சின்ன ஸ்பிரிங், ஆயில் போற சின்ன துண்டு, க்ளச்ச விடுவிக்கற பந்து வளையம்னு உதிர்ற சாமான் இருக்கு, கீழ ஒரு தட்டு வச்சுக்கிட்டு பாதி இழுத்ததும் நிறுத்தி போட்டோ எடுத்துட்டு அப்புறம் மீதிய இழுங்க.

வலைய உருவுனேன். பாதிக்கு மேல அடைஞ்சிருக்கு. அழுக்க அப்படியே கழுவித் தள்ளாம வெள்ளைத் தட்டுல தட்டி விரல்ல பிரிச்சுப் பாத்தேன், எனக்கு இந்த வேலைலயே முக்கியமான அஞ்சு நிமிஷம் அதுதான். கருப்பா தட்டையா செதில் மாதிரி இருந்தது க்ளச் ப்ளேட்டோட தேய்மானம், நாப்பது வருஷ வண்டில அது இருக்கும், பயமில்ல. காந்தத்தக் கிட்டக் கொண்டு போனேன், ரொம்பப் பொடியா கொஞ்சம் ஒட்டுச்சு, நகக்கண்ணு அளவுக்கு எந்தத் துண்டும் இல்ல, அதனால கியர் பல்லு ஒடையலன்னு நிம்மதி. இன்னொண்ணு இருந்துச்சு, விரல்ல அழுத்துனா ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கற கருப்புத் துண்டு நாலஞ்சு. அது டைமிங் செயின் ஓடற ரப்பர் உருளைல இருந்து பிஞ்சு வந்தது. படுக்கை இஞ்சின்ல அது காலப்போக்குல காஞ்சு வெடிச்சு உதிரும். இப்போதைக்கு ஓட்டலாம், ஆனா குளிர்காலத்துல எடது பக்கத்தத் தொறந்து உருளைய மாத்தணும்னு நோட்டுல எழுதி வச்சுட்டேன்.

சுத்தற கிண்ணத்தோட மூடியக் கழட்டுனா, ஓரம் முழுக்க மை மாதிரி கெட்டியா அப்பியிருக்கு, வழிச்செடுத்தா ஒரு தேக்கரண்டிக்கு மேல வந்துச்சு, விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சா நைஸ் அரம் மாதிரி நறநறங்குது. இவ்வளவையும் கிராங்குக்குப் போகவிடாம அந்தச் சின்னக் கிண்ணம் புடிச்சு வச்சிருக்குன்னு பாத்தப்ப, இத வடிவமைச்சவங்க மேல மரியாதை வந்துச்சு. மரத்துண்டால சுரண்டி, மண்ணெண்ணெய்ல நனைச்ச பஞ்சில்லாத துணியால தொடச்சேன். க்ளச் ப்ளேட்டு இடுக்குல அழுக்கு போகாமப் பாத்துக்கிட்டேன்.

கவருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஆயில் கசியாம வைக்கற பழைய கேஸ்கெட் கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. இரும்பு ஸ்கிரேப்பர் வச்சு சுரண்டுனா அலுமினியத்துல கோடு விழும், அந்தக் கோட்டு வழியா ஆயில் கசியும், அதனால ப்ளாஸ்டிக் பிளேடுதான். புது கேஸ்கெட்டுக்கு ஆயில் லேசாத் தடவிப் போட்டேன், சிலிக்கான் பசை வேண்டாம். பிதுங்கற பசை உள்பக்கம் தொங்கிக்கிட்டு இருந்து ஒரு நாள் பிஞ்சு விழும், இப்பத்தான் சுத்தம் பண்ண அதே வலையப் போய் அடைக்கும். ஸ்க்ரூ எல்லாத்தையும் குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது அலுமினிய வாஷர், பழச திருப்பிப் போடாதீங்க, அது ஒரு தடவ நசுங்கறதுக்குன்னே செஞ்சது. அளவு பாத்து இறுக்கற டார்க் ரெஞ்ச்ச 24 நியூட்டன் மீட்டர்ல வச்சு இறுக்கினேன், மரை மேல எனக்கு முழு நம்பிக்கை இல்ல, அதுக்கு மேல ஒரு பொட்டும் போகல.

எந்த ஆயில்னு கேப்பீங்க. 10டபிள்யூ-40, ஜாஸோ எம்ஏன்னு போட்ட பைக் ஆயில். க்ளச்சு ஆயிலுக்குள்ளயே ஓடுது, கார் ஆயில்ல மைலேஜுக்காக வழுக்கல் மருந்து சேக்கறாங்க, அதப் போட்டா க்ளச் வழுக்கும். அதுக்குன்னுதான் ஜப்பான்காரங்க 1998-ல ஜாஸோ தர முறையக் கொண்டு வந்தாங்க, எம்ஏ, எம்ஏ2 ரெண்டும் ஈரக் க்ளச்சுக்கு ஆகும், எம்பின்னு போட்டிருந்தா அது கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு, இதுக்கு வேணாம். ரொம்ப வெல கூடுன சிந்தெடிக் எல்லாம் இதுக்குத் தேவையில்லன்னுதான் நான் நெனைக்கறேன், அந்தக் காசுக்கு ரெண்டு தடவ மாத்திடலாம்.

நான் நெஜமாவே ரெண்டு தடவதான் மாத்தினேன். மொதல்ல வெல கம்மி ஆயில் 800 மில்லி ஊத்தி, டிப்ஸ்டிக் பாத்துப் பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன். இங்க ஒரு நுணுக்கம், லெவல் பாக்கும்போது டிப்ஸ்டிக்க மரைல திருகக் கூடாது, சும்மா வாய்ல உக்கார வைக்கணும். திருகிப் பாத்தா கம்பி இன்னும் ஆழமா போகும், லெவல் அதிகமாக் காட்டும், நெறஞ்சிருச்சுன்னு கம்மியா ஊத்தி விட்டுருவோம். வண்டியும் மட்டமான தரைல நிக்கணும், டயர்ல காத்து மூணுலயும் சரியா இருக்கணும், இந்தக் குண்டு டயருக்கு 2.2 பிஎஸ்ஐதான், சாதாரண கேஜ்ல முள்ளு அசையவே அசையாது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்கக் கழட்டி, சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் ஆயில் விட்டேன், பெட்ரோல் அலசிட்டுப் போன சுவரு அது, காஞ்சிருக்கும். பிளக்க ஓட்டையத் தள்ளி இஞ்சின் உடம்புல எர்த் ஆகற மாதிரி வச்சு, பெட்ரோல மூடிட்டு, கயித்த இருபத்தஞ்சு தடவ மெதுவா இழுத்தேன், பம்பு ஆயில எல்லா எடத்துக்கும் கொண்டு போகணும்ல. அப்புறம் பிளக்கப் போட்டு, பெட்ரோலத் தொறந்து, சோக் போட்டு இழுத்தா, மூணாவது இழுப்புல ரெண்டு தடவ கனைச்சுட்டு நின்னுச்சு, அஞ்சாவதுல புடிச்சுக்கிச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் வெள்ளப் புகை, நான் விட்ட ஆயில்தான் எரியுது, அப்புறம் தெளிஞ்சு அந்தச் சீரான 'பட் பட் பட்' சத்தம் வந்துச்சு பாருங்க, கண்ண மூடிக் கேட்டா பொள்ளாச்சில அப்பா வீட்டு வாசல்ல வந்து நிக்கற மாதிரியே இருந்துச்சு. பத்து நிமிஷம் ஓடவிட்டு, கியர ஒவ்வொண்ணா போட்டு வாசல்லயே நாலு சுத்து சுத்திட்டு, சூடா இருக்கும்போதே அந்த ஆயில எறக்கினேன். பத்தே நிமிஷம் ஓடுன ஆயில் பாதி கருத்துப் போய் வந்துச்சு, உள்ள அவ்வளவு மிச்சம் இருந்திருக்கு. ரெண்டாவதா நல்ல ஆயில ஊத்தி மூடினேன்.

பழைய ஆயில் விஷயத்துல ஒண்ணு. சாதாரண கழிவு ஆயில இங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைலயே சும்மா வாங்கிக்குவாங்க, ஆனா பெட்ரோல் கலந்தத வாங்க மாட்டாங்க, வாங்கவும் கூடாது, ஒரு டப்பா பெட்ரோல் ஆயில் அவங்க மொத்த டேங்கையும் கெடுத்துரும். அந்த 1.6 லிட்டரத் தனி கேன்ல ஊத்தி, மேல என்னன்னு எழுதி ஒட்டி, எங்க கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) அபாயக் கழிவு வாங்கற நாள்ல கொண்டு போய்க் குடுத்தேன்.

ஓட்டறதப் பத்தியும் சொல்லாம விட மனசு வரல. இந்த வண்டிங்கனால நெறைய பேருக்கு அடிபட்டு, அதுல கொழந்தைங்களும் நெறைய, 1988-ல அரசாங்கத்தோட செஞ்சுக்கிட்ட ஒப்பந்தத்துல கம்பெனிங்க மூணு சக்கரத்த விக்கறத நிறுத்துனாங்க, 2008 சட்டத்துக்கு அப்புறம் அமெரிக்கால புதுசா விக்கவே முடியாது. பின் அச்சு ஒரே கம்பி, ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துலதான் சுத்தும், அதனால சாதாரணமா திருப்புனா திரும்பாம நேராப் போகும், உள்பக்கச் சக்கரத்து மேல பாரத்தக் கொறச்சு உடம்ப சாய்ச்சு ஓட்டணும். பழக்கம் இல்லாதவங்க கால கீழ ஊனுவாங்க, பின் சக்கரம் அந்தக் கால் மேலயே ஏறும். எம் பொண்ணு கேட்டா, நான் ஏத்தல, பதினாறு வயசு ஆனப்புறம் பேசலாம்னுட்டேன். நான் ஓட்டறப்பவும் ஹெல்மெட்டும் கணுக்கால் மூடற பூட்ஸும் இல்லாம ஏறறதில்ல.

அந்த வார சனிக்கெழம பெரியவர் வீட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்துனேன். அவர் திண்ணைல நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து, இஞ்சின் ஓடும்போதே பெட்ரோல் டேங்க் மேல உள்ளங்கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார், எதுவும் பேசல. நானே அணைக்கல, அவர் கைய நீட்டி அணைச்சார். அணைச்சுட்டு குனிஞ்சு பெட்ரோல் காக்கத் தேடிப் புடிச்சு மூடினார்.

ரெண்டு வாரம் ஆச்சு இப்ப. தெனமும் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்க எடுத்துத் தொடச்சு, திருகாம வச்சு, வெளிச்சத்துல பாக்கறேன், எடுத்த போட்டோவ அப்பாவுக்கும் அனுப்பறேன். தேன் நெறம், மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ, மொத நாள் எங்க நின்னுச்சோ அங்கயே நிக்குது. மோந்து பாத்தா ஆயில் வாசன மட்டும்தான் வருது.